எருமையும் அளவுகோலும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டினாற்போல இரண்டு சிறு தெருக்கள் உள்ளன. ஒன்றன் பெயர் பஃபலோ ரோடு. மற்றொன்றன் பெயர் கெர்பாவ் ரோடு. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். பொருள் இரண்டிற்கும் எருமையே. சற்று அப்பால் லெம்பு ரோடு என்று ஒன்று உண்டு, அது மாடு. இன்னும் சிறிது தூரம் நடந்தால் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் எதிர்ப்படும். கண்டாங் என்பது கொட்டில்; ஆகவே எருமைக் கொட்டில். அவ்விடத்தில் 1924ஆம் ஆண்டு 30 படுக்கைகளோடு பிரசவ மருத்துவமனை ஒன்று அமைந்தது. 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. சிங்கப்பூரின் முதியோரிலும் நடுவயதினரிலும் மிகப் பலர் எருமைக் கொட்டிலிற் பிறந்தவர் என்று நாம் சொன்னால் அவர்கள் கோபித்தலாகாது; பெயர் வைத்தவர் நாமல்லோம்.

ஒரே விலங்குக்கு அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு பாஷைகளில் பெயர் இருப்பது வேடிக்கையன்று. பெயரெழுதிய அதிகாரி ஒருவன், மாட்டைக் கட்டியவன் வேறொருவன் என்பதற்கு அதுவே அடையாளம். விலங்கின் உடலையும் அதன் அளவையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். அதற்கு ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற வழியை எடுத்துக்கொள்கிறோம். தமிழருக்கும் ஸ்பானியத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு இந்தக் கெர்பாவ் ரோட்டிலேயே தொடங்குகிறது.

பிலிப்பைன் தீவுகளில் ஸ்பானியர் 1565ஆம் ஆண்டு குடியேறினர். அங்கு விசாயத் தீவுகளில் வழங்கும் மொழியும் மலாயும் ஒரு குடும்பத்தின. மலாய்க்காரர் கெர்பாவ் என்பதை அவர்கள் கரபாவ் என்பர். ஸ்பானியர் தம் நாவுக்கு இணங்க அதனைக் கராபாவோ என்று ஆக்கிக்கொண்டனர். தம் பாஷையில் பூஃபலோ என்ற சொல் இருந்தும், சேற்றில் புரண்டு ஏர் இழுத்த அவ்விலங்கைக் குடியானவன் அழைத்த பெயராலேயே அழைத்தனர். 1898இல் அமெரிக்கர் அத்தீவுகளைக் கைக்கொண்டபோது ஸ்பானிய ஏடுகளிலிருந்த அச்சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றினர். ஆகச் சிராங்கூன் சாலையோரத்துத் தெருப்பலகையிலுள்ள சொல்லும் அமெரிக்கரின் ஆங்கில அகராதியிலுள்ள சொல்லும் உடன்பிறந்தவை. ஒன்று நேரே வந்தது, மற்றொன்று மணிலாவில் முந்நூறு ஆண்டு தங்கி வந்தது. பஃபலோ என்னும் ஆங்கிலச் சொல்லும் போர்த்துக்கேயர் வாயிலாக வந்ததென்றே சொல்லாராய்ச்சி அறிந்தோர் கூறுவர். அதன் கிரேக்க மூலம் முதலில் குறித்தது எருமையையே அன்று, மான் வகை ஒன்றை என்பதும் கவனிக்கத்தக்கது. பெயர் ஊர் மாறும்போது விலங்கும் மாறிவிடுவது பழைய வழக்கம்.

அமெரிக்கர் வந்த காலத்தில் பிலிப்பைன் தீவுகளில் மாட்டு வெக்கை நோய் பரவி, எருமைகள் மந்தை மந்தையாக மடிந்தன. 2011ஆம் ஆண்டில்தான் அந்நோய் உலகத்திலிருந்து ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. அன்றோ ஏர் பூட்ட விலங்கின்றி வயல்கள் தரிசாயின. எஞ்சிய எருமையைத் திருடர் ஓட்டிச் சென்றனர். ஆகவே எது யாருடையது என்று பதிவு செய்வது வயிற்றுப் பிரச்சினை ஆயிற்று. ஸ்பானியர் காலத்திலேயே குதிரை, எருமை, மாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பெரிய கால்நடை என்று பொருள்படக் கனாதோ மயோர் என்று ஒரு தொகைப்பெயர் இருந்தது. ஆடு முதலியன சிறிய கால்நடை. தெளிவான பிரிவு. அமெரிக்கர் 1904ஆம் ஆண்டில் கால்நடைப் பதிவுச் சட்டம் செய்தபோது, ஆங்கிலத்தில் அதற்கு இணையாகப் பெரிய கேட்டில் என்ற தொடர் வந்து நின்றது. இதிலே ஒரு சங்கடம். கேட்டில் என்ற ஆங்கிலச் சொல் வழக்கில் மாட்டினத்தையே குறிக்கும். குதிரை அதிலே அடங்காது. ஆகவே பெரிய கேட்டில் என்பதில் குதிரையும் கழுதையும் அடங்கும் என்று தனியே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டு கால்நடைத் திருட்டைத் தடுக்கப் பிறந்த ஆணையிலும் இத்தொடர் தொடர்ந்தது. பசு, கராபாவோ, குதிரை, கோவேறு கழுதை, கழுதை என்று அடுக்கிவிட்டு, மாட்டினத்தைச் சேர்ந்த பிற வீட்டு விலங்கும் என்று முடிகிறது. வாக்கியத்தை இலக்கணப்படி வாசித்தால் கழுதையும் மாட்டினம் ஆகிவிடும்! சிரிக்கலாம், ஆனால் அச்சட்டத்தின்படி சிறை சென்றவர் சிரித்திருக்கமாட்டார். ஸ்பானியச் சொல்லின் வயிறு பெரியது, ஆங்கிலச் சொல்லின் வயிறு சிறியது. பெரியதைச் சிறியதற்குள் திணித்ததால் வந்த வினை இது.

இனி நிறைக்கு வருவோம். நம் தோட்டத்து முதியோர் கட்டி, பிக்கல் என்னும் மலாய் நிறைகளை மறந்திரார். 16 தாகில் ஒரு கட்டி; 100 கட்டி ஒரு பிக்கல். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ஒரு கட்டியை ஒன்றே மூன்றிலொரு ராத்தலாக நிலைநிறுத்தினர். அப்படியானால் ஒரு பிக்கல் ஏறக்குறைய 60½ கிலோ. அதே மலாய்ச் சொல்லை மணிலாவில் ஸ்பானியர் பீக்கோ என்று எழுதினர். ஆனால் தம் ராத்தலால் 137½ என்று அதற்கு நிறை வைத்தனர். அது 63¼ கிலோ. கவனியுங்கள்: பெயர் ஒன்று, பிறந்த வீடு ஒன்று, நிறை வேறு. மணிலாச் சணலும் சர்க்கரையும் பீக்கோவில் எழுதப்பட்டு வரும்போது, அதனைப் பிக்கல் என்று மட்டும் மாற்றி எழுதிய கிராணி ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 46 பிக்கல் வரை கணக்கில் தொலைத்தவன் ஆவான். சொல் சரியாகவே மொழிபெயர்ந்தது, சரக்குத்தான் குறைந்தது. நாம் கிராணித் தொழிலில் இருப்பவராதலின் இந்த வகைப் பிழையைப் பார்த்தால் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சிங்கப்பூரிலேயே ஸ்பானியம் நிறையாக நின்ற காலமும் உண்டு. 1819இல் ராபிள்ஸ் செய்த உடன்படிக்கையில் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 என்று எழுதியது ஸ்பானிய வெள்ளி நாணயத்தைத்தான். இந்நாட்டுத் தமிழர் இன்றும் டாலரை வெள்ளி என்று சொல்வதைக் கேட்கும்போது அந்தப் பழைய நாணயத்தின் ஓசை நம் காதில் விழுகிறது. மேலும், பொன் நிறுக்க மலாய்க்காரர் வழங்கிய புங்கால் என்னும் நிறைக்கு அளவு யாது? இரண்டு ஸ்பானிய வெள்ளியின் எடை. ஆங்கிலேயர் அதனைத் தம் கிரெயின் கணக்கில் 832 என்று எழுதினர். இங்கே மொழிபெயர்ப்புப் பழுதின்றி முடிந்தது. காரணம் எளிது: நாணயத்தைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்கள், அகராதியைப் பார்த்து எழுதவில்லை.

நிறையைத் தராசில் வைக்கலாம். உடலால் அளக்கும் அளவுகளுக்கு அவ்வசதியும் இல்லை. ஸ்பானியரின் பழைய அளவுகள் யாவும் உடலே. விரல் தேதோ, கட்டைவிரலிலிருந்து பிறந்த அங்குலம் புல்காதா, கட்டைவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனிவரை விரித்த சாண் பால்மோ, அதுவே குவார்த்தா என்றும் சொல்லப்படும், முழம் கோதோ, இரு கையும் விரித்த பாகம் பிராசா. இவற்றுள் ஹேமே என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட தூரம் அது. ஆங்கிலத்தில் இதற்கு நாலு பேர் அறிந்த ஒற்றைச் சொல் இல்லை. மொழிபெயர்ப்பவன் ஒரு வரி முழுவதும் செலவிட்டு விளக்க வேண்டும். அல்லது சாணென்று எழுதித் தப்பித்துக்கொள்ள வேண்டும். தமிழிலோ ஒட்டை என்று ஒரு சொல் சித்தமாக நிற்கிறது. ஒட்டைச்சாண் என்று கிழவிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸ்பானிய வேளாளனும் தஞ்சை வேளாளனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் கையை ஒரே விதமாக விரித்தார்கள். இடையில் ஆங்கிலத்தை நிறுத்தினால் இருவருக்கும் பேச்சு நின்றுபோகிறது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிய வேண்டுமென்று ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மனோர் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு இவ்வொரு சொல் போதிய மறுப்பு.

குதிரையின் உயரத்தைச் சொல்லுவதில் இத்தொல்லை மிகுதி. ஸ்பானிய ஏடுகளில் ஏழு குவார்த்தா மூன்று தேதோ உயரமுள்ள குதிரை என்று எழுதியிருக்கும். காஸ்தில் நாட்டு வாரா என்னும் கோல் 83.6 செண்டிமீட்டர், அதில் நாலிலொன்று குவார்த்தா, நாற்பத்தெட்டிலொன்று தேதோ. கணக்கிட்டால் குதிரையின் உயரம் 151½ செண்டிமீட்டர். ஆங்கிலேயர் குதிரையைக் கையால் அளப்பர். இங்கே கை என்பது உள்ளங்கையின் அகலம், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திலிருந்து 4 அங்குலம். அக்குதிரை ஏறக்குறைய 14 கை 3½ அங்குலம் ஆகும். குவார்த்தாவும் கையளவு, ஆங்கிலமும் கையளவு என்று நினைத்து ஒருவன் ஏழு கை என்று எழுதினால் குதிரை 28 அங்குலமாகிவிடும். அதன்மேல் ஏறிச் செல்லவேண்டியதில்லை, கக்கத்தில் இடுக்கிச் செல்லலாம். இன்னொரு கண்ணியும் உண்டு: 14.3 என்று ஆங்கிலக் குதிரைக்காரர் எழுதினால் அது பதின்கூறு அன்று. பதினான்கு கையும் மூன்று அங்குலமும். தசம எண் பயின்ற பிள்ளைகள் இதில் கட்டாயம் விழுவர்.

இஃது நம் ஊருக்குப் புறம்பான செய்தியன்று. இன்றைய லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் பெயர் 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகத்தால் வந்தது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் பெயர்ந்து, 2024ஆம் ஆண்டு அக்டோபரில் கடைசி ஓட்டத்தோடு முடிந்துபோயிற்று. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர் தமிழரும் பாவியான் தீவினருமாகிய சயிஸ்கள். பந்தயக்காரரின் ஏட்டில் உள்ளவையோ ஆங்கிலேயரின் கையளவும் ஆங்கிலேயரின் உறுப்புப் பெயர்களுமே. கையால் தொட்டவனின் சொல் ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் ஏறிய சொல் தொட்டவனுக்குப் புரியவில்லை.

உறுப்புப் பெயருக்கு வருவோம். ஸ்பானியக் குதிரைவீரரிடமிருந்து ஆங்கிலம் கடன் வாங்கியது கொஞ்சமன்று. அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் வழங்கும் லாசோ, ராஞ்ச், மஸ்டாங், பிராங்கோ, சிஞ்ச் ஆகிய யாவும் ஸ்பானியச் சரக்கு. இவை கயிறு, பண்ணை, குதிரை வகை, பட்டை. உறுப்புப் பெயர் ஒன்றையும் அவர்கள் பெரும்பாலும் வாங்கவில்லை. கருவியைக் கடன் வாங்கினால் பெயரும் வரும். கால் எல்லாக் குதிரைக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே உறுப்பை மொழிபெயர்க்கத்தான் வேண்டும். அங்கேதான் அகராதி கைவிடுகிறது. குதிரையின் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை ஸ்பானியர் குரூஸ் என்பர். சிலுவை என்பதும் அதே சொல். ஆங்கிலத்தில் அதற்கு விதர்ஸ் என்று பெயர். அறியாதவன் சிலுவையிலிருந்து தரைவரை அளந்தனர் என்று எழுதிவிட்டால் வாசகர் கோயிலைத் தேடுவர்.

நம் நாட்டு மாட்டுக்கு அவ்விடத்தில் திமில் நிற்கிறது. இமில் என்றும் ஏரி என்றும் வேறு பெயருமுண்டு. ஐரோப்பிய மாட்டுக்குத் திமிலில்லை. ஆதலால் அம்மேட்டில் கோலை நிறுத்தி உயரம் அறிந்தனர். அதே விதியைக் காங்கேயம் காளைக்கோ நெல்லூர்க் காளைக்கோ சொன்னால் கோல் திமிலின் உச்சியில் போய் நிற்கும். திமிலோ பட்டினியிற் சுருங்கும், கொழுப்பில் நிமிரும். காளைக்குப் பெரிது, பசுவுக்குச் சிறிது. அறுவடைக்குப்பின் ஓர் உயரம், கோடையில் ஓர் உயரம் என்று ஒரே காளை ஏட்டில் ஏறி இறங்கும். இதனால் இந்திய மாட்டினங்களை விவரித்தோர் திமிலுக்குப் பின்னே அளந்த உயரம் என்றே எழுதத் தலைப்பட்டனர். அளவைச் சொன்னால் போதாது, அளந்த இடத்தையும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கண்ட நியாயம்.

நெல்லூர் மாட்டின் பயணத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். ஓங்கோல், நெல்லூர்ச் சீமைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பிரேசில் சென்ற அம்மாடுகள் இன்றும் நெலோரே என்ற ஊர்ப்பெயரால் அங்கு வழங்கப்படுகின்றன. திமிலைப் பிரேசில் மக்கள் குப்பீன் என்பர். அது கறையான் புற்றுக்கும் பெயர். கண்டவன் கண்ணுக்குப் புற்றாகவே தெரிந்தது! 1920களில் பிரேசிலிலிருந்து மெக்சிகோ வழியாக இம்மாடுகள் டெக்சாஸுக்குள் நுழைந்தன. போர்த்துக்கேயம் பேசும் நாட்டில் வளர்ந்து, ஸ்பானியம் பேசும் நாட்டைக் கடந்து, ஆங்கிலம் பேசும் நாட்டில் பிராமன் என்று பெயர் சூட்டப்பெற்றன. நெல்லூரில் ஏர் உழுத மாட்டுக்கு அமெரிக்காவில் வருணம் உயர்ந்ததைக் கண்டு நம் சீர்திருத்த நண்பர்கள் மகிழ்வார்களோ வருந்துவார்களோ அறியோம்.

ஸ்பானிய அங்குலம் ஆங்கில அங்குலத்திலும் சிறிது: 2.32 செண்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54. சிறு வித்தியாசந்தானே என்று விடலாகாது. மாட்டைத் தராசில் ஏற்ற முடியாத இடத்தில், மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் நிறை ராத்தலில் ஏறக்குறைய வரும் என்பது கால்நடைக்காரர் அறிந்த வாய்பாடு. ஸ்பானியக் குறிப்பில் சுற்று 70, நீளம் 60 என்று இருப்பதாகக் கணக்குக்காகக் கொள்வோம். அங்குலம் அங்குலமே என்று போட்டால் 980 ராத்தல் வரும். உண்மை அங்குலமாக மாற்றிப் போட்டால் சுமார் 750. வித்தியாசம் மூன்று முறை பெருக்கப்படுகிறதல்லவா? 230 ராத்தல் இல்லாத இறைச்சிக்கு ஒருவன் பணம் கொடுத்திருப்பான். ராத்தல் என்ற நம் சொல்லும் அரபியிலிருந்து வந்ததே. அதே அரபிச் சொல் ஸ்பானியத்தில் அரெல்தே ஆயிற்று, ஆனால் அங்கே அதன் நிறை நாலு ராத்தல். குவிண்டாலும் அரபியையும் ஸ்பானியத்தையும் கடந்து வந்தது. சந்தைக்குப் போனால் உலகமே உறவு. தராசில் ஏறினால் ஒவ்வொருவரும் வேறு.

வயதை அளப்பது பல். மாட்டுக்கு முன்வாயில் மேற்பல் இல்லை; கீழே எட்டு. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதைக்கொண்டு இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்பார்கள். எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள். குதிரைக்கு ஸ்பானியர் மூடிவிட்டது என்று பொருள்படும் சொல்லை வழங்குவர். அகராதி கொண்டு பெயர்த்தால் மூடிய குதிரை என்று வரும், பொருள் ஒன்றுமில்லை. கடை சேர்ந்த குதிரை என்றால் நம் மாட்டுத் தரகன் உடனே தலையசைப்பான். பல் மெய்யளவு. சுழி அப்படியன்று. மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து அதிர்ஷ்டம் சொல்லி, நல்ல உழவுமாட்டைப் பாதி விலைக்குத் தள்ளுவது நம்மவரிடம் இன்னும் ஒழியவில்லை. ஸ்பானியரும் குதிரைக் கழுத்தில் நீண்டு ஓடும் சுழிக்கு ரோமானிய வாள் என்று பெயரிட்டுக் கொண்டாடினர். மொழிபெயர்ப்பின் உதவியில்லாமலே எல்லா நாட்டிலும் நன்றாகப் பரவுவது மூடநம்பிக்கை ஒன்றுதான் போலும்.

சிராங்கூன் சாலையின் மாட்டு வாணிகம் 19ஆம் நூற்றாண்டில் தழைத்தது. ரோச்சோர் ஆற்றின் பக்கம் நீரும் புல்லும் இருந்தன. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் மாட்டு வணிகர் பெயரால் இன்றும் ஒரு தெரு நிற்கிறது; இறைச்சி வாணிகம் செய்த டெஸ்கர் பெயராலும் ஒன்று. கொட்டில்களிற் சாணம் அள்ளியவர், பால் கறந்தவர், புண் கழுவியவர் ஆகியோருடைய பெயரால் தெரு இல்லை. 1930களில் நகரசபையின் கட்டுப்பாடுகளால் கொட்டில்கள் அப்பக்கத்திலிருந்து ஒழிந்தன. சுகாதாரத்துக்கு அது வேண்டியதே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் கொட்டிலோடு ஒரு சொற்களஞ்சியமும் வெளியேறியது. திமில், அலைதாடி, மடி, காம்பு, சப்பை, குளம்பு. செவலை, மயிலை, காரி. ஈற்று, கறவை, கிடாரி என்று அங்கே நாள்தோறும் ஒலித்த சொற்களைப் பதிவேடுகள் கேட்டதே இல்லை. வரி வாங்கிய ஏடு தலைகளை எண்ணியது. அதற்கு அதுவே போதும்.

தமிழில் இது முடியாத காரியமா? முடியும் என்று ஓர் அமெரிக்கர் காட்டினார். மாசச்சூசெட்ஸ் நாட்டு வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரும் அவர் மாணவரும் உடற்கூற்று நூல், பிரசவ நூல், இரண வைத்திய நூல் என ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினர். கிரே என்பார் எழுதிய பெரிய உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்று 1872இல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் இருந்தால் அது, இல்லையேல் வடசொல், அதுவும் பொருந்தாதாயின் ஆங்கில ஒலியைத் தமிழுருவில் என்பது அவர் முறை. கெமிஸ்தம் என்ற நூற்பெயரே இம்முறைக்குச் சாட்சி. அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர் அவரிடம் பயின்றனர். அங்காதிபாதம் என்னும் சொல் நம் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது; இருக்கட்டும். எலும்பையும் நரம்பையும் அறுத்துக் காட்டி அதன்மேல் கைவைத்துச் சொன்ன சொல் அது. பிற்காலத்தில் நாற்காலியில் அமர்ந்து ஆக்கிய பல கலைச்சொற்களைவிட அதற்கு உயிர் மிகுதி என்பது நம் கருத்து.

அது மனித உடல். விலங்கின் உடலுக்கு நம்மிடம் மாட்டு வாகடம், குதிரை வாகடம் என்று ஏடுகள் இருந்தன. அவற்றில் நோயும் மருந்தும் சுழியும் கலந்து கிடக்கும். பதரைத் தூற்றி நெல்லை எடுக்க ஒரு கிறீன் வரவில்லை. சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பயின்று வந்த வைத்தியர் ஒரு மொழி பேசினார், மாட்டுக்காரன் ஒரு மொழி பேசினான். வெக்கையும் கோமாரியும் ஒன்றென்று எண்ணி மயங்குவோர் இன்னும் பலர். முன்னது மந்தையைக் கொன்றது. பின்னதோ வாயையும் காலையும் புண்ணாக்கிப் பெரும்பாலும் உயிரை விட்டுவைப்பது. இரண்டாவதற்கு நாட்டுப்புறத்தில் காணை என்று தனிப்பெயர் இருக்கிறது. ஸ்பானியர் நாக்கும் காலும் என்ற பொருளில் குளோசொபேதா என்றனர். ஆங்கிலேயர் காலும் வாயும் என்றனர். மூவரும் ஒரே விலங்கைப் பார்த்தார்கள்.

நம் தோட்டங்களில் மாடு வளர்ப்போர் இன்றும் சிலர் உள்ளனர். கால்நடை இலாகாவின் தாளை அவர்களுக்காகக் கிராணியே நிரப்ப நேர்கிறது. உயரம், சுற்று, வயது என்று கட்டங்கள் இருக்கும். எந்த இடத்திலிருந்து உயரம் என்று இராது. கிழவர் தம் விலாவில் கைவைத்து, என் நெஞ்சுமட்டும் வரும் என்பார். ரெண்டு பல்லு என்பார். காம்பொன்று அடைத்துக்கொண்டது என்பார். இவற்றைச் செண்டிமீட்டராகவும் ஆண்டாகவும் மலாய்ச் சொல்லாகவும் மாற்றி எழுதும் நாம், அவர் சொன்ன சொல்லையும் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறோம். இலாகாவினர் ஆட்சேபிக்கவில்லை.

தோட்டங்களிலும் நகரத்திலும் உள்ள அன்பர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு இத்தகைய சொற்களை எழுதியனுப்பினால் உதவியாக இருக்கும். சொல்லை மட்டும் அனுப்பவேண்டா. கையை எங்கே வைத்துச் சொன்னார் என்பதையும், எந்த ஊரினர் என்பதையும் சேர்த்து எழுதுக. முதற்கேள்வியாக இதனைக் கேட்கலாம்: எருமைக்குத் திமில் இல்லை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அவ்விடத்திற்கு உங்கள் வீட்டில் வழங்கும் பெயர் என்ன?